எண்பத்தெட்டாம் பக்கத்து விரல்

எங்கள் ஊரில், கடைசிப் பக்கங்கள் கிழிந்துபோன புத்தகத்தில் இருப்பவர்களுக்கு, அந்தப் புத்தகம் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் சோறு போட வேண்டும். கிழிந்த பக்கம் கிடைத்து, அதைப் புத்தகத்தின் சொந்தக்காரர் வாய்விட்டுப் படித்து முடித்தால் அவர்கள் கிளம்பிவிடுவார்கள். கிடைக்காதவரை இருப்பார்கள். வார்டு அலுவலகத்தில் இதற்கென்று பச்சை நிறத்தில் ஒரு விண்ணப்பம் உண்டு. புதன்கிழமை மட்டும் வாங்குவார்கள்.

சலூன் ஆவுடையப்பன் கடையில் ஒரு தளபதி இருக்கிறார். மூன்றாம் பாகம் இல்லாத சரித்திர நாவல். ஷேவிங் முடிந்தவர்களுக்குத் துண்டு எடுத்துக் கொடுப்பார். நடுநடுவே எதிரிப் படை எந்தப் பக்கம் என்று கேட்பார். ஆவுடையப்பன் பஸ் ஸ்டாண்டு பக்கம் கை காட்டுவார். போஸ்ட்மாஸ்டர் வீட்டில், கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று தெரியாத ஒரு பெண் பதினெட்டு வருடமாகப் பட்டுச் சேலையில் இருக்கிறாள். எனக்கு வாய்த்தது துப்பறியும் அதிரூபன்.

நான் சங்கரவடிவு. இடிக்கிற வீடுகளிலிருந்து கதவு, ஜன்னல், நிலை, தூண் என்று வாங்கி விற்கிறவள். பாளையங்கோட்டையில் வாய்க்கால் பாலத்தை ஒட்டிக் கடை. பதினாலு வயதில், இடித்த வீட்டு உத்தரங்களில் ஆணி பிடுங்குகிற கூலியாக ஆரம்பித்தேன். ஆணியை இழுத்தால் உடையும். ஆட்டி ஆட்டித்தான் எடுக்க வேண்டும். பேரமும் அப்படித்தான். வேறு பாடம் எனக்கு யாரும் நடத்தவில்லை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி, கோபம் மட்டும் எம்.ஏ. வரை போயிருக்கிறது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பேரம் படிந்து கைகொடுத்த பிறகு, கொசுறு கேட்காமல் எழுந்திருக்க மாட்டேன். ஒரு கொண்டி, ஒரு பழைய பூட்டு, ஒன்றும் இல்லையென்றால் வாசலில் நிற்கிற செம்பருத்தியில் ஒரு கிளை. பதினொரு வருடத்துக்கு முன் வண்ணார்பேட்டையில் ஒரு வீட்டின் பன்னிரண்டு கதவுகளையும் பேசி முடித்துவிட்டு, கொசுறாகப் பரணில் கிடந்த மாத நாவல் கட்டைக் கேட்டேன். "தாராளமா எடுத்துட்டுப் போங்க" என்று அந்த வீட்டு அம்மா சொன்ன வேகத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. டெம்போ கடைக்கு வந்து சேர்ந்தபோது, கதவுகளுக்கு நடுவில் கோட்டு போட்ட ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

கட்டில் அவன் இருந்த புத்தகத்தின் பெயர் 'குளிர்சாதன அறையில் கைக்குட்டை'. தொண்ணூற்றாறு பக்கம். எண்பத்தெட்டோடு கிழிந்திருந்தது. கடைசி வரி இது: "கொலையாளி வேறு யாருமல்ல. அது..." என்றபடி அதிரூபன் சரேலென்று திரும்பி, வலது ஆள்காட்டி விரலை நீட்டினான்.

அவ்வளவுதான். நீட்டிய விரல் நீட்டியபடியே நின்றுவிட்டது. மற்ற நான்கு விரலும் மடங்கும், இது மடங்காது. புத்தகத்தில் அவனை 'அவன்' என்றுதான் எழுதியிருக்கிறது. நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். வயது முப்பத்திரண்டு. அன்றைக்கும் அதுதான், இன்றைக்கும் அதுதான்.

முதல் நாள் காபி கொடுத்தேன். இடது கையால் வாங்கி ஒரு வாய் குடித்தான்.

"மேடம், இது காபி அல்ல. காபிக்கு எதிரான சாட்சியம்."

கையிலிருந்த கீலை அவன்மேல் எறிந்தேன். விலகிக்கொண்டான். அது எந்தத் திசையிலிருந்து வந்தது, எந்தக் கையால் எறியப்பட்டது, எறிந்தவர் காலையில் என்ன சாப்பிட்டிருந்தார் என்பதையெல்லாம் சொல்லிவிட்டு, மீதிக் காபியையும் குடித்தான். அப்படித்தான் நாங்கள் பழகிக்கொண்டோம்.

அவனை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்வது லேசில்லை. வாங்க வருகிறவரிடம் நான் ஒரு கதவைத் தட்டிக் காட்டி, "பர்மாத் தேக்கு, தொட்டுப் பாருங்க" என்பேன். பின்னாலிருந்து குரல் வரும். "மேடம் பொய் சொல்கிறார். இது வேம்பு. மேலே தேக்கு வார்னிஷ்." வந்தவர் சிரிப்பார். எனக்கு மண்டை காந்தும். ஆனால் விற்க வருகிறவர்களிடம் கதை வேறு. நான் விலை கேட்கும்போது அவன் எனக்குப் பின்னால் நிற்பான். விரல் அவர்கள் மார்புக்கு நேராக நீண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் அவர்களாகவே இறங்கி வருவார்கள். இந்த விரலுக்காகத்தான் நான் அவனுக்குச் சோறு போடுகிறேன் என்று ஊரில் பேச்சு. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வருடம் எனக்கு டெங்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டேன். பார்க்க ஆள் கிடையாது. அதிரூபன் கோட்டைக் கழற்றாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஆறு நாள் உட்கார்ந்திருந்தான். விரல் டிரிப்ஸ் பாட்டிலுக்கு நேராக இருந்தது. பாட்டில் காலியாகிற சமயத்தில் எழுந்து நர்ஸைக் கூப்பிடுவான். "சிஸ்டர், இன்னும் நான்கு நிமிடம். உங்கள் நடையின் வேகத்துக்கு இப்போதே கிளம்பினால் சரியாக இருக்கும்." அவர்கள் திட்டுவார்கள். இவன் திரும்ப உட்கார்ந்துகொள்வான். ஏழாம் நாள் வீட்டுக்கு வந்தபோது, நான் நோயாளியாக இருந்ததில் என்னென்ன குறைகள் என்று சொல்லிக்கொண்டே வந்தான். மொத்தம் பதினாலு குறை.

அவனுக்கு ஒரு நியமம் இருந்தது. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு, கடையிலிருந்து ஏழு கதவுகளை எடுத்துச் சுவரில் வரிசையாகச் சாத்துவான். அவன் கேஸில் சந்தேகத்துக்கு உரியவர்கள் ஏழு பேர். கதவுகள் எப்போதும் அதே ஏழு. அவற்றை விற்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. முதல் கதவு, செத்துப்போன மில் முதலாளியின் மனைவி. இரண்டாவது, மைத்துனன். அப்புறம் வக்கீல், டிரைவர், பல் டாக்டர் ரங்கபாஷ்யம், சமையல்காரர், காரியதரிசி. எதிரே நின்று முழுப் பேச்சும் பேசுவான். முதலாளி எப்போது குளிர்சாதன அறைக்குள் போனார், கைக்குட்டை ஏன் நனைந்திருந்தது, சமையல்காரர் எதற்காகப் பொய் சொன்னார். எல்லாம் சுத்தமாக வரும். கடைசியில், "கொலையாளி வேறு யாருமல்ல. அது..." என்று சரேலென்று திரும்புவான்.

அங்கே நிற்பான். அதற்கு மேல் அவனுக்குப் பக்கம் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, கதவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுபோய் வைப்பான். பதினொரு வருடம், ஒருநாள் விடாமல்.

ஏழு கதவில் ஐந்தாவது, அதாவது டாக்டர், என் கடையிலேயே பெரிய கதவு. இரட்டைக் கதவு, பித்தளைக் குமிழ், மேலே அன்னம் செதுக்கியது. பதினாலு வயதில் நான் ஆணி பிடுங்கப் போன வீட்டின் முன்வாசல் கதவு அது. அன்றைக்கு என்னைக் கொல்லைப்புறமாக வரச் சொன்னார்கள். இருபத்தேழு வருடம் கழித்து அந்த வீட்டின் மிச்சத்தையும் இடித்தபோது, கதவை நான் வாங்கினேன். வாங்கி, அந்த வாசல் வழியாகவே வெளியே தூக்கி வரச் சொன்னேன். யாருக்கும் விற்பதில்லை.

அந்தக் கதவின்மேல் தாவீது அண்ணாச்சிக்கு ஒரு கண். பாலத்துக்கு அந்தப் பக்கம் பழைய கட்டில், மேசை, அலமாரி விற்கிறவர். அவர் புது வீடு கட்டிப் பத்து வருடமாகிறது. இந்தக் கதவுதான் வேண்டும், வேறு மாட்ட மாட்டேன் என்று வாசலில் போர்வை தொங்கவிட்டிருக்கிறார். மழைக்காலத்தில் இரண்டு போர்வை.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அண்ணாச்சி வந்தார். விற்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். அதிரூபன் எனக்குப் பின்னால் வந்து நின்றான்.

"வெரல அங்கிட்டுத் திருப்பச் சொல்லு வடிவு. நெஞ்சு கரிக்கி."

"வந்த விசயத்தச் சொல்லுங்க அண்ணாச்சி."

"ஒரு அலமாரி வாங்குனேன், முருகன்குறிச்சியில. உள்ள தட்டுக்குக் காயிதம் விரிச்சிருக்காவ. எடுத்துப் பாத்தா கதப்பொஸ்தவத்துத் தாளு. எம்பத்தொம்பதுலேருந்து தொண்ணுத்தாறு வரைக்கும் இருக்கு."

கையிலிருந்த கொண்டியைக் கீழே வைத்தேன்.

"எந்தப் பொஸ்தவம்?"

"பேரு இல்ல. ஆனா கோட்டுப் போட்ட ஆளு ஒருத்தரு வாராரு." அதிரூபனை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "கொன்னது ஆருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. செத்தது ஆருன்னுதான் தெரியல. நாலு நாளா ஒறக்கம் இல்ல."

"என்ன வேணும் ஒங்களுக்கு?"

"அதான் ஒனக்கே தெரியுமே."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எட்டுப் பக்கத்துக்கு அந்தக் கதவா, அலமாரியில் எலி புழுக்கை போட்ட காகிதத்துக்கா, எழுந்திருங்கள் என்றேன். இன்னும் சிலதும் சொன்னேன். அண்ணாச்சி நிதானமாக எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"நீ குடுக்க மாட்டன்னு தெரியும் வடிவு. அந்த வெரலு மடங்கிட்டுன்னா ஒனக்கு யாவாரம் ஓடாது. வச்சுக்கோ. நான் போர்வைய மாத்திக்கிடுதேன்."

அவர் போன பிறகு அதிரூபனைத் திரும்பிப் பார்த்தேன்.

"அவர் சொன்னது உண்மை மேடம்," என்றான். "நான் இல்லாவிட்டால் உங்கள் கொள்முதல் விலை கணிசமாக உயரும். மேலும், அடுத்தவர் தயவில் ஒரு வழக்கை முடிப்பவன் அல்ல நான். நானே கண்டுபிடித்துக்கொள்வேன்."

"பதினோரு வருசமா கண்டுபிடிச்சிட்டிருக்கே."

"அவசரப்படுவது உங்கள் குறைகளில் மூன்றாவது."

ஐந்து மணி ஆயிற்று. அவன் கதவுகளை எடுத்துச் சாத்தினான். மனைவி, மைத்துனன், வக்கீல், டிரைவர், டாக்டர், சமையல்காரர், காரியதரிசி. எதிரே போய் நின்றான். கோட்டை இழுத்து விட்டுக்கொண்டான். அப்புறம் பேச ஆரம்பிக்கவில்லை. ஆறு மணி வரை அப்படியே நின்றான். பேசாமல் கதவுகளைத் திரும்ப எடுத்து வைத்தான். செவ்வாயன்றும் அதுதான் நடந்தது.

அன்றைக்கு ராத்திரியே நான் பாலத்தைத் தாண்டிப் போனேன். ஒரு பேரத்துக்கு நானாக எதிராளி கடைக்கு நடந்து போனது அதுதான் முதல் தடவை. நாம் போனால் விலை ஏறும், அவர்கள் வந்தால் இறங்கும். இது ஆணி பிடுங்குகிறவளுக்கும் தெரியும். அண்ணாச்சி ஒரு மேசையின் காலை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மேசையை விட்டுவிட்டார்.

"கதவு ஒங்களுக்கு," என்றேன்.

"நெசமாவா?"

"ரெண்டு வாட்டி சொல்ல மாட்டேன். தாள நான் பாக்கணும்."

இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றி வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார். ஓரங்களில் பாச்சை அரித்திருந்தது, எழுத்துக்குச் சேதமில்லை. பக்க எண்களை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டேன். வாய் தவறிப் படித்துவிட்டால் அங்கேயே அவன் கிளம்பின கணக்கு ஆகிவிடும்.

"அவன் போயிருவான் வடிவு. தெரியும்லா?"

"தெரியும்."

"போறதுக்கு நீ வெல குடுக்கே."

"என் சரக்கு, என் வெல. ஒங்களுக்கென்ன?"

கைகொடுத்தோம். கிளம்ப எழுந்தேன். பழக்கம் விடவில்லை.

"கொசுறு என்ன குடுக்கீங்க?"

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்தது. "இதுக்குமா கொசுறு?"

"இதுக்கும்தான்."

அவர் கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். "அலமாரி அடித்தட்டுல இந்தப் பொஸ்தவத்துப் பின் அட்ட பசை போட்டு ஒட்டிக் கெடக்கு. வேணும்னா சொரண்டி எடுத்துக்கோ."

"நீங்களே சொரண்டிக் கொண்டாங்க. அப்பதான் அது கொசுறு."

"அப்ப எனக்கும் ஒரு கொசுறு உண்டு," என்றார். "செத்தது ஆருன்னு மொதல்லேருந்து கேக்கணும்."

மறுநாள் புதன்கிழமை. வார்டு அலுவலகத்தில் பச்சை விண்ணப்பத்தைக் கொடுத்தேன். 'வந்த காரணம்' என்ற இடத்தில் கொசுறு என்று எழுதியிருந்ததைப் பார்த்து குமாஸ்தா தலையாட்டினார். அதற்குத் தனியாக ஒரு சீல் இருந்தது. 'போகும் காரணம்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அவரே 'முடிவு' என்று போட்டுக்கொண்டார்.

பத்து மணிக்கு அண்ணாச்சி கதவை ஏற்ற டெம்போவோடு வந்தார். ஒரு கையில் தாள்கள். இன்னொரு கையில் தண்ணீரில் நனைத்துச் சுரண்டி எடுத்த பின் அட்டை, ஈரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதிரூபன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டு முடித்திருந்தான். தலையை நடுவகிடு எடுத்து வாரியிருந்தான்.

"டெம்போவில் இப்போது ஏற்றக் கூடாது," என்றான். "டாக்டர் இல்லாமல் நான் தொடங்க முடியாது."

ஏழு கதவுகளையும் சாத்தினான். அண்ணாச்சி தன் கடையிலிருந்து டெம்போவில் கொண்டுவந்த ஒரு மரக்கட்டிலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்காக முதல் எண்பத்தெட்டுப் பக்கத்தை நான் படித்தேன். செத்தவர் மில் முதலாளி என்று வந்ததும், "ஓகோ, அவரா" என்று கட்டிலில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். விட்டுப்போன தூக்கத்தில் பாதி அங்கேயே வந்துவிட்டது அவருக்கு. அதிரூபன் வரிசைக்கு எதிரே நின்று, நான் படிக்கப் படிக்கப் பேசிக்கொண்டு வந்தான். என் வாய்க்கும் அவன் வாய்க்கும் ஓர் எழுத்து முன்னே பின்னே இல்லை.

"கொலையாளி வேறு யாருமல்ல. அது..."

சரேலென்று திரும்பினான். நான் எண்பத்தொன்பதாம் பக்கத்தை எடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தாள் பழசு.

"'...டாக்டர் ரங்கபாஷ்யம்தான்' என்றான் அதிரூபன்."

விரல் ஐந்தாம் கதவுக்கு நேராகப் போய் நின்றது. ஒரு சொடக்குச் சத்தம் கேட்டது. பிறகு விரல் மடங்கியது.

அவன் அதை ஒருமுறை நீட்டிப் பார்த்தான், மடக்கிப் பார்த்தான். "கிராம்பு எண்ணெய்," என்றான். "கைக்குட்டையில் இருந்தது கிராம்பு எண்ணெயின் வாசனை. பல் டாக்டர். எனக்கு முதலிலிருந்தே தெரியும்."

"தெரிஞ்சா சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"சொல்லிக்கொண்டுதான் இருந்தேன் மேடம். நீங்கள் பக்கத்தைத் திருப்பவில்லை."

அண்ணாச்சி கட்டிலிலிருந்து எழுந்துவிட்டார். "கொஞ்சம் பொறு. அஞ்சாவது கதவு நான் வாங்குனதுலா? அப்ப கொலகாரனையா நான் வீட்டு வாசல்ல மாட்டணும்?"

"வித்த சரக்கு வித்ததுதான்."

"நீ சொல்லவே இல்லையே."

"எண்பத்தொம்பதாம் பக்கம் ஒங்க கையில இருந்துச்சு. நீங்கதான் எனக்குச் சொல்லியிருக்கணும்."

"கொலகாரன் டாக்டருன்னு தெரியும். டாக்டரு கதவுன்னு எனக்கெப்படித் தெரியும்?"

"கொலைகாரனா இருந்தாலும் தேக்கு, அண்ணாச்சி."

அவர் அதிரூபனைப் பார்த்தார்.

"தேக்குதான்," என்றான் அதிரூபன். "மேடம் இந்த ஒரு கதவைப் பற்றி மட்டும் பொய் சொன்னதில்லை."

அண்ணாச்சி சமாதானமானார். தொண்ணூற்று நாலாம் பக்கத்தில் டாக்டருக்கு விலங்கு மாட்டினார்கள். இரண்டு குமிழையும் சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை அண்ணாச்சியிடம் கொடுத்தோம். வாசல் கதவுக்குப் பூட்டு எப்படியும் வேண்டும் என்று அவர் வாங்கிக்கொண்டார். நாலு பேர் பிடித்து டாக்டரை டெம்போவில் ஏற்றினார்கள். அன்னம் வெயிலில் ஒருமுறை மினுங்கியது. நான் அந்தப் பக்கம் அதிகம் பார்க்கவில்லை.

தொண்ணூற்றைந்தில் கார் வந்தது. க்ரீம் கலர். கடை வாசலில் வந்து நின்று, எஞ்சினை அணைக்காமல் உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் எங்கேயும் திரும்பிப் பார்க்கவில்லை.

தொண்ணூற்றாறாம் பக்கத்தில் பதினேழு வரிதான் இருந்தது. நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன்.

"மேடம்," என்றான் அதிரூபன். "நீங்கள் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் அல்ல. மின்சார பில்லை ஒரு மூச்சில் படித்துவிட்டு அலுவலகத்துக்குச் சண்டைக்குப் போகிறவர். படியுங்கள்."

"கண்ணாடிய மாத்தணும்."

"நீங்கள் கண்ணாடி போடுவதில்லை."

பதினாறு வரி முடிந்தது. ஒரு வரி பாக்கி. அவன் என் பக்கத்தில் வந்து வலது கையை நீட்டினான். பதினொரு வருடத்தில் அந்தக் கையை நான் தொட்டதில்லை. தொட்டால் விரல் வயிற்றில் குத்தும். பிடித்துக் குலுக்கினேன். சாதாரணக் கைதான். கொஞ்சம் சில்லென்று இருந்தது, குளிர்சாதன அறையில் இருந்தவன் என்பதால்.

"வேம்பைத் தேக்கு என்று விற்காதீர்கள். பார்க்க ஆள் இருக்காது," என்றான். "உங்கள் காபி கடைசிவரை தேறவில்லை."

"போய்யா," என்றேன்.

கடைசி வரியைப் படித்தேன். "அதிரூபன் காரில் ஏறினான், கார் பாலத்தைக் கடந்து விரைந்தது."

அவன் ஏறினான். கார் கிளம்பியது.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். அவருக்கு அவசரமாகப் போக வேண்டிய இடம் ஒன்றும் இல்லை போலிருந்தது. நான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஆறு கதவுகள் சாத்தியபடி நின்றன. இனி அவற்றை எடுத்து வைப்பது என் வேலை. எதையாவது எடுத்து எறியலாம் என்று பார்த்தேன். எறிந்தால் விலகிக்கொள்ள ஆள் இல்லை.

"வடிவு," என்றார் அண்ணாச்சி. "ஒன் கொசுறு."

ஈர அட்டையை என் மடியில் வைத்தார். மேலே பாதி பசையோடு போயிருந்தது. ஒரு சீப்பின் விளம்பரம், அச்சகத்தின் பெயரில் பாதி. அதற்குக் கீழே கட்டம் கட்டி ஏதோ இருந்தது. கைக்கும் வாய்க்கும் வேலை வேண்டும் என்று, கட்டத்தில் இருந்ததை வாய்விட்டுப் படித்தேன்.

"அடுத்த மாதம், உங்கள் அதிரூபன் துப்பறியும் 'பழைய கதவுக் கடையில் ஒரு பிணம்'. இன்றே சொல்லி வையுங்கள்."

அண்ணாச்சியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் வாசலுக்குப் போய், பாலத்தைப் பார்த்து நின்று, இன்னொரு முறை படித்தேன். ஏலம் விடுகிற குரலில் படித்தேன்.

பாலத்தின் நடுவில் கார் நின்றது. பிறகு பின்னோக்கி வந்தது. எதிரே வந்த பஸ் ஒதுங்கி வழிவிட்டது. கடை வாசலில் நின்றதும் பின் கதவு திறந்து அதிரூபன் இறங்கினான். கார் அவனை விட்டுவிட்டு, பாலத்தைக் கடந்து விரைந்தது.

சட்டம் தெளிவானது. புத்தகம் உண்டு என்று சொல்லியாகிவிட்டது. ஒரு பக்கம்கூடக் கையில் இல்லை. எட்டுப் பக்கம் கிழிந்ததற்கே பதினொரு வருடம். இது தொண்ணூற்றாறும் கிழிந்த கணக்கு. அட்டை என் கையில் இருந்தது.

"இதை முதலிலேயே படித்திருக்க வேண்டாமா?" என்றான். "ஷூவில் புழுதி."

"காப்பி குடிக்கியா?"

"வேறு வழி?"

வலது கையால் டம்ளரைப் பிடித்துக் குடித்தான். முகத்தைச் சுளித்தான். குடித்து முடித்தான். பிறகு கடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். ஜன்னல்களுக்குப் பின்னால் பார்த்தான், தூண்களுக்கு நடுவில் குனிந்து பார்த்தான்.

"பழைய கதவுக் கடை இருக்கிறது," என்றான். "பிணம் எங்கே?"

நான் கடைக்காரி. அவன் துப்பறிகிறவன். மிச்சம் இருந்தது ஒருவர்தான். இருவரும் அண்ணாச்சியைப் பார்த்தோம்.

அண்ணாச்சி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அவரும் வியாபாரிதான்.

"முழு நாளும் முடியாது. கடையப் பாக்கணும்."

"மத்தியானம் வரைக்கும் கெடந்தாப் போதும்," என்றேன்.

"ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போணும்."

"ஞாயித்துக்கெழம லீவு."

"வெறுந் தரையில படுக்க மாட்டேன். கட்டில்லதான்."

"ஒங்க கட்டில், ஒங்க இஷ்டம்."

"தண்ணி தவிச்சா எந்திரிச்சுக் குடிப்பேன்."

அதிரூபன் யோசித்தான். "சாட்சிகள் இல்லாதபோது குடிக்கலாம்," என்றான்.

கைகொடுத்தோம். அண்ணாச்சி டெம்போக்காரரைக் கூப்பிட்டு, டாக்டரை வீட்டில் இறக்கிவிட்டு, போர்வையை மடித்து எடுத்துவரச் சொன்னார். செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் விட்டார். மல்லாந்து படுத்து, ஒரு கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டுக் கண்ணை மூடினார். அதிரூபன் என்னிடம் சாக்பீஸ் வாங்கி, ஆள்காட்டி விரலை வளைத்துப் பிடித்து, கட்டில்மேல் அவரைச் சுற்றிக் கோடு போட ஆரம்பித்தான். கோடு தோளுக்கு வந்தபோது அண்ணாச்சி ஒரு கண்ணைத் திறந்தார்.

"கொசுறா ஒரு தலவாணி குடு வடிவு."

உள்ளே போய் என் தலையணையைக் கொண்டுவந்து வைத்தேன். அதிரூபன் தலைமாட்டில் போட்டிருந்த சாக்பீஸ் கோட்டைக் கைக்குட்டையால் அழித்துவிட்டு, தலையணையையும் சேர்த்துத் திரும்பப் போட்டான்.